கழிவு பாட்டில்

செப்டம்பர் 5, செவ்வாய்

அக்கா வரவில்லை.

மாதத்தில் முதல் செவ்வாயும் மூன்றாவது செவ்வாயும் அவளுக்கு விடுமுறை. நேற்றே சீலாக் கருவாடு வாங்கி வைத்திருந்தேன். காலையில் எழுந்து கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். பதினொரு மணிவரை பார்த்துவிட்டுப் போன் செய்தேன். அணைந்திருந்தது. பகலில் அவள் போன் அணைந்திருந்தால் கடையில் நிற்கிறாள் என்று பொருள். துணிக்கடைக்குள் நுழையும்போதே எல்லாப் பெண்களின் போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

ஜூலை பதினெட்டுக்குப் பிறகு இது மூன்றாவது விடுமுறை நாள். ஆகஸ்டில் ஆடித் தள்ளுபடி என்றாள். ஆடி முடிந்ததும் ஆவணி முகூர்த்தம் என்கிறாள். தமிழ் மாதம் பன்னிரண்டுக்கும் கடைக்காரன் ஒரு காரணம் வைத்திருப்பான்.

குழம்பை மூடி வைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். ஒரு ஆள் சாப்பிடுகிற அளவுக்குக் குழம்பு வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று அம்மா போனில் கேட்டாள். ஐந்தாவது வருடமாகக் கேட்கிறாள். இன்று ஒழுங்காகச் சொல்ல முயன்றேன்.

இரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு அடுக்காகச் செல்கள் பரவியிருக்கும். இரத்தம் ஓடும்போது அவற்றை உரசிக்கொண்டு போகும். அந்த உரசல்தான் அவற்றுக்குச் செய்தி. உரசல் பட்டதும் அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும். வாயு பக்கத்திலிருக்கும் தசைக்குப் போய்த் தளரச் சொல்லும். குழாய் விரியும், இரத்தம் எளிதாகப் போகும். அந்த வாயுவுக்கு ஆயுள் சில நொடிகள்தான். நான் அந்தச் செல்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்து, அவற்றின் மேல் பம்ப் வைத்துத் திரவத்தை ஓடவிடுகிறேன். எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு வாயு வருகிறது என்று அளக்கிறேன்.

"அது எதுக்குட்டி?" என்றாள் அம்மா.

"காலேஜ்ல கேக்காங்க" என்றேன்.

பம்ப் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் இருபத்துநான்கு மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் நானும் மைதிலியும் மாற்றி மாற்றிக் காவல் இருக்கிறோம். மைதிலி எனக்கு இரண்டு வருடம் இளையவள், மயிலாப்பூர்க்காரி. அவளுக்கு வீட்டிலிருந்து டிரைவர் சாப்பாடு கொண்டுவருவார். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவுமில்லை. டிரைவர் பெயர் என்னவென்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கோபம் வந்தது.

செப்டம்பர் 9, சனி

குழாயில் ஒரு காற்றுக் குமிழி. பதினெட்டு மணி நேரச் செல்கள் அத்தனையும் உரிந்து போயின.

செப்டம்பர் 13, புதன்

ஆய்வறிக்கையின் முதல் பத்தியை என் ஆராய்ச்சி வழிகாட்டி சார் திருத்தித் தந்தார். நான் எழுதியிருந்த ஒரு வரியைச் சிவப்பில் அடித்திருந்தார். 'நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்யும் கடைப் பணியாளர்களின் கால்களில் இரத்த ஓட்டம் மந்தமாகி, நாளங்களின் உட்சுவர் பழுதடைகிறது.' பக்கத்தில் எழுதியிருந்தார்: இது சமூகவியல்.

சமூகவியல் இல்லை சார், அது அக்காவின் வலது கால். கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம். முதலில் தோல் கறுத்தது, பிறகு பளபளத்தது, பிறகு ஒருநாள் சேலைக் கரை உரசியதில் உடைந்தது. எட்டு மாதமாக ஆறாத புண். கெண்டைச் சதை அசைந்தால்தான் காலின் இரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் கீழேயே தேங்கும். தேங்கிய இரத்தம் சுவரை உரசாது. உரசல் இல்லாத செல்களுக்கு ஒரு செய்தியும் போகாது. அவை வீங்கிக் கிடக்கும். இது என் ஆய்வறிக்கைதான்.

அரசு மருத்துவமனையில் சொன்னது: இறுக்கக் கட்டு, ஆறு வாரம் ஓய்வு, உட்கார்ந்தாலும் படுத்தாலும் காலை இதயத்தைவிட உயரத்தில் வைக்க வேண்டும். அக்கா அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். பதினான்கு வருடமாக நிற்கிறாள். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நிற்க ஆரம்பித்தாள்.

உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தபோது நான்தான் குதித்தேன். இனிமேல் ஸ்டூல் போட்டே ஆக வேண்டும் என்றேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன்.

"போட்டுட்டாவளே. எங்க செக்ஷனுக்கு மூணு ஸ்டூலு."

"உக்காந்தியா?"

"அதுல நைட்டிப் பெட்டி உக்காந்திருக்கு. பாவம், அதுக்கும் கால் வலிக்கும்லா."

அவளும் மற்றப் பெண்களும் உட்காருகிற ஒரே இடம் கடையின் கழிப்பறை. ஆளுக்கு ஐந்து நிமிடம். வெளியே ஒருத்தி தட்டினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

இந்த முறை எதுவும் சமைக்கவில்லை. காலை ஆறரைக்கே போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் வாளிச் சத்தம், கடை விடுதியில் பெண்கள் குளிக்க வரிசையில் நிற்கிற சத்தம்.

"இன்னைக்கு லீவுதானக்கா?"

"லீவுதான். துணி கிடக்கு துவைக்க."

"இங்க வந்து துவைக்கலாம்லா."

"அங்க தண்ணி கஷ்டம்னு சொன்ன."

"அது மே மாசம்."

"நீ சாப்ட்டியா பியூ?" என்றாள்.

"மணி ஆறரைக்கா."

"சரி, சாப்பிடு."

"கால் எப்படி இருக்கு?"

"காலு காலாத்தான் இருக்கு. வைக்கட்டா? பிள்ளை ஒருத்தி பக்கெட்டுக்கு நிக்கா."

வைத்துவிட்டாள். இதே நகரத்தில், ஒரு பேருந்து தூரத்தில், அவள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்போடு நாள் முழுக்கப் பம்ப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் துணி பிழிகிற விதம் எனக்குத் தெரியும். முறுக்கி, உதறி, ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். நான் உட்கார்ந்திருந்தது நல்ல நாற்காலி, சுழலும் நாற்காலி. எனக்கு இடுப்பு வலிக்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் வாங்கித் தந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

ஓட்டத்தைக் கூட்டினால் வாயு கூட வேண்டும். எனக்குக் குறைகிறது.

வாயுவை அளக்க, செல்களுக்கு மேலே மயிரிழை உயரத்தில் ஒரு மின்முனையை நிறுத்தியிருக்கிறோம். நிறுத்த வேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் சார். பம்ப்பைப் போட்டதும் திரையில் கோடு துள்ளி எழும், சில நொடியில் விழுந்துவிடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இன்னும் கீழே போகிறது. பம்ப்பை நிறுத்திவிட்டு, அசையாத திரவத்தில் அளந்தால் கொஞ்சமாக, ஆனால் நிலையாக நிற்கிறது. பதினோரு முறை செய்து பார்த்தாயிற்று.

சார் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பியூலா, இது பேசிக். ஃப்ளோ ஏறினா வாயு ஏறணும். முப்பது வருஷமா உலகத்துல எல்லாரும் பாத்தது. உன் கையில மட்டும் இறங்குதுன்னா, கையைத்தான் பாக்கணும்."

மைதிலி கையிலும் அதேதான் இறங்கியது. அவளிடம் "பம்ப்பை செக் பண்ணும்மா" என்றார்.

நவம்பர் கடைசிக்குள் முடிவு தராவிட்டால் உதவித்தொகைக் காலத்தை நீட்டிக்க எழுத மாட்டாராம்.

அக்டோபர் 3, செவ்வாய்

அக்காவிடமிருந்து காலையில் குறுஞ்செய்தி. 'தீவாளி வரைக்கும் யாருக்கும் லீவு கெடையாது. ஒழுங்கா சாப்புடு.'

அக்டோபர் 8, ஞாயிறு

ஆய்வகத்தில் ஆளில்லை. பம்ப் ஓடுகிறது. எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

ஜூலை பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அன்று எனக்குப் பம்ப் காவல். அக்கா என் அறைக்கு வந்து, சாவி எடுத்துத் திறந்து, சமைத்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததில்லை. வர வேண்டாம் என்று நான் சொன்னதுமில்லை, வா என்று சொன்னதுமில்லை. விடுமுறை என்றாலும் மதியம் மூன்று மணிக்குக் கடையில் ஏதோ சரக்கு எண்ணிக்கை. அதனால் கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். அரக்குச் சேலை, நெஞ்சில் கடையின் பெயர் போட்ட அட்டை, அதன் கீழே 'ஜெபக்கனி, நைட்டி பிரிவு'. செருப்பு போட முடியாமல் வலது காலை இழுத்து இழுத்து மரத்தடிவரை வந்துவிட்டாள்.

சாரும் மைதிலியும் நானும் காபி குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின வாரம்தான் சார் கேட்டிருந்தார், வீட்டில் யார் யார் என்று. அக்கா டீச்சர் என்று சொல்லியிருந்தேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். கடைகளில் பெண்கள் நிற்பதைப் பற்றி மேடை போட்டால் மணிக்கணக்காகப் பேசுவேன். அதைப் பேசுகிறவளாக இருப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"யாரு பியூலா?" என்றார் சார்.

"எங்க ஊர்க்காரங்க சார். அம்மா சாமான் குடுத்து விட்டிருக்காங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்துச் சிரித்தாள், கடையில் வாடிக்கையாளருக்குச் சிரிக்கிற சிரிப்பு. "ஆமா சார். மேடத்தோட அம்மா குடுத்து விட்டாவ" என்றாள். தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டினாள். "சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க. நான் வாரேங்க."

பாத்துப் பிடிங்க. என் அக்கா என்னை.

அவள் திரும்பி நடந்தபோது கால் இழுப்பதை சார் பார்த்துவிட்டு, "பாவம்" என்றார். அன்று அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதையும் எழுத வேண்டும்.

அக்டோபர் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷமாக இல்லை.

காலையில் வழக்கம்போலக் கழிவு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கழுவு தொட்டிக்குப் போனேன். செல்கள் மேல் ஓடி முடித்த திரவம் ஒரு குழாய் வழியாகக் கடைசியில் ஒரு பெரிய பாட்டிலில் விழும். அதன் மேல் 'கழிவு' என்று என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. நாலு மாதமாகத் தினமும் அதைக் கொட்டுகிறேன். இன்று மூடியைத் திறந்தபோது நினைத்தேன்: ஓடுகிற திரவம் மின்முனையின் கீழே எவ்வளவு நேரம் இருக்கும்? கணக்குப் போட்டேன். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செல்கள் வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஓட்டம்தான் அவற்றை விடவைக்கிறது. அதே ஓட்டம்தான், விட்டதும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. நாங்கள் செல்களின் தலைக்கு மேலேயே முனையை வைத்துக்கொண்டு, இங்கே ஒன்றுமில்லை, கை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நின்ற திரவத்தில் கொஞ்சமாக விட்டது அங்கேயே கிடந்ததால் அது பெரிதாகத் தெரிந்தது.

வாயு செத்துவிடும், ஆனால் சாகும்போது நைட்ரைட் என்ற உப்பாக மாறித் திரவத்தில் தங்கும். பாட்டிலில் இருந்து சொட்டு எடுத்துச் சோதனைக் கரைசலை விட்டேன். பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பு. நின்ற திரவத்திலிருந்து எடுத்த சொட்டும் சிவந்தது. பாட்டிலில் திரவம் நிறைய இருப்பதால் நீர்த்துத்தான் சிவக்கும், மொத்த அளவால் பெருக்க வேண்டும். பெருக்கினேன். நின்ற திரவத்தைப்போல ஆறு மடங்கு. மூன்று முறை செய்தேன். ஆறு, ஆறரை, ஆறு.

எல்லாம் அந்தப் பாட்டிலில்தான் இருந்தது. நாலு மாதம் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. மணி பதினொன்று. போன் பூட்டுக்குள் இருக்கும்.

அக்டோபர் 13, வெள்ளி

சாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அவர் என்ன நினைத்தாரோ.

மதியம் மைதிலியிடம் சொன்னேன். "ஜூலையில மரத்தடிக்கு வந்தாங்களே, அவங்க ஊர்க்காரங்க இல்ல. என் சொந்த அக்கா. டீச்சர் இல்ல. துணிக்கடையில நிக்கிறாங்க."

மைதிலி தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சி ரெண்டு பேருக்கும் ஒண்ணு. மூக்கு அப்படியே. சாருக்கும் தெரியும்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீதான் ஊர்க்காரங்கன்னு சொன்னியே. எப்படிக் கேக்கறது?" டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு அவங்க போனதும் நீ சாப்பாட்டை யாருக்கும் தரல. அது மட்டும் எனக்கு வருத்தம்."

அக்டோபர் 22, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். கோடம்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்து. முகவரி என்னிடம் இருந்தது. ஆறு வருடமாக, நான் சென்னைக்குப் படிக்க வந்த நாளிலிருந்து, இருந்தது.

பார்வையாளர் நேரம் காலை ஏழிலிருந்து எட்டு. வாசலில் வார்டன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டில் பெயர், யாரைப் பார்க்க, உறவு என்று மூன்று கட்டம். உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"ஜெபக்கனிக்கு ஒரே தங்கச்சிதானம்மா. அது ஜெர்மனில படிக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அது நான்தான்" என்றேன்.

வார்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மாடியைப் பார்த்து, "ஏ பிள்ளைகளா, ஜெபக்கனிய வரச் சொல்லு. அவ தங்கச்சி ஜெர்மனில இருந்து வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார்.

ஜெபக்கனி வருவதற்குள் பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். பாதி கட்டிய அரக்குச் சேலை, வாயில் பற்பசை நுரை. எல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள். திசையன்விளை, சாத்தான்குளம், நாங்குநேரி.

"எக்கா, அங்க பனி முட்டளவு கிடக்குமாமே. அதுக்குள்ள நடந்துதான் காலேஜுக்குப் போவீங்களாம்."

"ரொட்டிதான் சாப்பாடாம்லா. எப்படி இருக்கீங்க அதத் தின்னுட்டு?"

"ஜெபக்கனியக்கா உங்களப் பத்தித்தான் பேசும். எப்பக்கா வந்தீங்க?"

அக்கா படிக்கட்டில் வந்து நின்றிருந்தாள். ஈரத் தலையில் துண்டு. ஒரு கை கைப்பிடியில். என்னையே பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் வந்தேன்" என்றேன்.

"சாக்லேட்டு?" என்றாள் நுரைவாய்ப் பெண்.

"பெட்டி இன்னும் வந்து சேரலட்டி. போய் வாயக் கொப்புளி" என்றாள் அக்கா.

அவர்களை விரட்டிவிட்டு என்னைப் படிக்கட்டின் திருப்பத்துக்குக் கூட்டிப் போனாள். நான் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. சேலை கசங்கினால் சூப்பர்வைசர் ஏசுவானாம். கரையைத் தூக்கிப் பார்த்தேன். ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள், ஈரம் ஊறி வெளியே வந்திருந்தது. ஜூலையில் நான் பார்த்த புண் கட்டைவிரல் நகம் அளவு. இப்போது கட்டே உள்ளங்கை அகலம்.

"எப்ப இருந்துக்கா ஜெர்மனி?"

"நீ மெட்ராஸ் வந்ததுல இருந்து."

"ஜூலைக்கு அப்புறம் இல்லியா?"

"ஜூலைல என்ன?" என்றாள். பிறகு அவளே, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒரே ஊருல இருக்க தங்கச்சி ஒரு நாளும் எட்டிப் பாக்கலன்னா பிள்ளைக கேக்கும்லா. தூரத்துல இருக்கான்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. ஒரு தடவை ஜெர்மனி போய்ப் படிக்கணும்னு சொன்னல்லா, அதச் சொல்லிட்டேன். பனியெல்லாம் டிவில பாத்துச் சொன்னது."

எனக்கு அழுகை வந்தது. அவள் துண்டின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள், ஊரில் மழையில் நனைந்து வந்தால் நீட்டுகிற மாதிரி.

"லேப்ல சொல்லிட்டேன். நீ என் அக்கான்னு" என்றேன்.

"என்ன சொன்னாவ?"

"முன்னாடியே தெரியுமாம். மூஞ்சியப் பாத்தே."

சிரித்துவிட்டாள். "அப்ப நான் மேடம்னு சொன்னதெல்லாம் வேஸ்ட்டா?"

"என் ரூமுக்கு வந்துருக்கா. ஆறு வாரம். கால மேல தூக்கி வச்சுப் படு. நான் கட்டுப் போடுதேன்."

"ஆறு வாரம்னா வேலை போயிரும்."

"போகட்டும்."

"நீ சொல்லுவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பிடியை விரலால் தட்டிக்கொண்டு நின்றாள். கீழே வார்டன் விசில் ஊதினார். "தீவாளிக் கூட்டத்துல விட்டுட்டு வந்தா என் செக்ஷனும் சேந்து இந்தப் பிள்ளைக தலையில விழும். ஏற்கெனவே ஒருத்திக்குக் கால் வீங்க ஆரம்பிச்சிட்டு. தீவாளிக்கு மறுநாள் வாரேன். பெட்டியோட வாரேன்."

"நான் வந்து கூட்டிட்டு வாரேன்."

"வேண்டாம். நான் வருவேன். நீ வீட்டுல இரு. நான் வரும்போது நீ வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்."

இரண்டிரண்டு பேராக வரிசையில் நின்று கடைக்கு நடந்தார்கள். அவள் கடைசி. நுரைவாய்ப் பெண் திரும்பி, "எக்கா, எப்பத் திரும்பப் போறீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "அவ போகமாட்டா. இனி இங்கனதான்."

தீபாவளிக்கு இருபத்தொரு நாள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பெருக்கிப் பார்க்கவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

முதல் பத்தியில் சிவப்பில் அடிபட்ட அந்த வரியைத் திரும்பச் சேர்த்து அனுப்பினேன். சார் இன்னும் பதில் போடவில்லை.

நவம்பர் 13, திங்கள்

பம்ப்பை மைதிலியிடம் விட்டுவிட்டேன். "எத்தனை நாளுக்கு?" என்றாள். "அக்கா வர்றாங்க" என்றேன். சரி என்றாள்.

எட்டு மணிக்கே எல்லாம் தயார். இறுக்கக் கட்டு நாலு சுருள். தலையணை மூன்று, ஒன்று வீட்டுக்காரம்மாவிடம் வாங்கியது. ஜன்னல் பக்கம் அவளுக்கு. தெருவெல்லாம் வெடித்த காகிதம், யாரும் இன்னும் பெருக்கவில்லை.

ஒன்பது. போன் அணைந்திருக்கிறது. இன்றைக்கும் கடையில் நிற்க வைத்துவிட்டார்களோ.

பத்து. சோறு வடித்துவிட்டேன்.

பத்தே முக்கால். ஆட்டோ ஒன்று நின்றது. எட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு ஆள்.

பதினொன்று இருபது. வர மாட்டாள். அந்தப் பெண்கள் யாருக்காவது காய்ச்சல் என்றிருப்பார்கள், சரி நான் நிக்கேன் என்றிருப்பாள். எனக்குத் தெரியும் அவளை. எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆறு வருடமாக அவளுக்கும் தெரிந்திருக்கும்.

கீழே கேட் சத்தம்.

படியில் யாரோ ஏறுகிறார்கள். ஒரு அடி வைத்து, நிறுத்தி, இன்னொரு காலை அதே படிக்கு இழுத்து, கூடவே ஏதோ இரும்பு இடிக்கிறது. பெட்டி. மூன்றாவது மாடிக்கு இந்தக் காலோடு ஏறச் சொல்லியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

கீழே போகிறேன்.